பன்னிரண்டாவது துண்டு

பெரிய வியாழன் பூசை முடிந்ததும்
கோயிற்பிள்ளை இன்னாசி ஒரு பையைத் தந்தார்.
உள்ளே பன்னிரண்டு துண்டுகள்.
வருசா வருசம் என் பங்கு அது.
மற்றவர்கள் பூ வைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள்.
எனக்குக் குரல் கிடையாது,
கடல்தண்ணீர் குடித்த தொண்டை.

பெரிய வெள்ளியில் துணி அலசுவதில்லை.
சனி விடியலில், கோயில் மணி இன்னும் ஊமையாயிருக்க,
தெற்குவாடிக் கரையில் மணலைத் தோண்டி
ஊற்றோரம் குந்தினேன்.
சிரட்டையால் மோந்து ஊற்றினால்
ஒரு குடம் நிறைய அரைமணி நேரம்.
அந்த நேரத்தில்தான் உன்னோடு பேச்சு,
உனக்கும் தெரியும்.
முழங்கால் போட்டால் தூக்கம் வந்துவிடுகிறது, ஆண்டவரே.
குந்தியிருந்தால் வராது.

முதல் துண்டை விரித்தேன். அழுக்கே இல்லை.
இரண்டாவதில் சந்தன சோப்பு மணம்.
மூன்றாவதில் பவுடர்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
உன் கையில் கால் கொடுக்கப் போகிறவர்கள்
வீட்டிலேயே தேய்த்துக் குளித்து
நகம் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.
படகுச் சங்கத் தலைவர்
நகப்பூச்சு போடாததுதான் குறை.
பாவம், சாமி என்னத்தைக் கழுவினாரோ.

பேதுரு அன்றைக்குத்
தெருப்புழுதியோடுதானே உட்கார்ந்திருந்தார்?

பன்னிரண்டாவதைப் பிரித்ததும் கை நின்றது.
மஞ்சளாய் ஒரு வட்டம். நடுவில் ரத்தம்.
சீழ் வாடை.
யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை.
கடைசி நாற்காலி
பாசிக் கிட்டங்கி கஸ்பாருக்கு.

கஸ்பார்!
விடிய விடியத் தீவோரம் மூழ்கி
பாறையில் பிடுங்கி நாங்கள் சுமந்து வரும் பாசியில்
ஈரக்கழிவு என்று
சாக்குக்கு ரெண்டு கிலோ வெட்டுகிறவன்.
எத்தனை பொம்பளைகள் வந்து நின்றாலும்
நாற்காலியை விட்டு எழாமல் எடை சொல்கிறவன்.
அந்தத் திமிரை நான் ஏசாத நாளில்லை.
வேகிற வெயிலில் காலுறை போடுகிற பவுசைப் பார் என்று
பெர்பெத்துவும் நானும் வள்ளத்தில் சிரித்திருக்கிறோம்.

காலுறைக்குள் இது இருந்திருக்கிறது.

வியாழன் இரவு கண்ணுக்குள் வந்தது.
பதினொரு காலில் தண்ணீர் பட்டதும் நகர்ந்த சாமியின் கை
அங்கே நின்றுவிட்டது.
பாட்டுத் தீர்ந்துபோய், பாடகர் குழு
முதல் சரணத்தையே திரும்பப் பாடியது.
எங்களுக்குக் கால் வலித்தது.

இரங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.
ரெண்டு கிலோ ரெண்டு கிலோதான்.
அதில் என் மகளின் நர்சிங் பீஸ் இருக்கிறது.
ஆனாலும் குடத்துத் தண்ணீர் முழுக்க
அந்த ஒரு துண்டுக்கே போனது.
கசக்கக் கசக்க
துணிக்குள் ஒரு குதிகால் இருப்பதுபோல்
விரல்கள் தாமாக மெதுவாயின.

ஏமாற்றிவிட்டாய்.
துண்டு துவைக்கத்தானே என்னைக் கூப்பிட்டாய்?

காயவைத்துக் கிழித்தேன்.
பாறை கீறாதிருக்க
நாங்கள் விரலில் சுற்றும் அகலத்துக்கு,
நீள நீளமாய்.
உப்பும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போனேன்.
கிட்டங்கியில் அவன் தனியே.
"காலுறையைக் கழற்று" என்றேன்.
வெகுநேரம் கணக்கு நோட்டையே பார்த்தான்.
பிறகு குனிந்தான், மூச்சு வாங்க.
இரு, நானே, என்றேன்.

என் கையில் பாறை கிழித்த கோடுகள்,
அவன் காலில் குழி.
ரெண்டிலும் உப்புத்தண்ணீர் எரிந்தது.
அப்போது நீ எங்கேயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை;
அவ்வளவு கிட்டத்தில் நின்றால் முகம் தெரியாது.

முடிச்சுப் போட்டதும்
மண்டபம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.
அப்படியே கழிவைப் பற்றியும் கேட்டேன்.
தராசைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
திங்கட்கிழமை தெரியும்.

அந்தியில் சாமி துண்டுகளை எண்ணினார்.
"பதினொண்ணுதானே இருக்கு, விக்தோரி?"

"ஒண்ணு வேலைக்குப் போயிருக்கு, சாமி."