சனிக்கிழமைக் கட்டம்

பெருந்துறை பைபாஸில் லாரிகள் கியர் மாற்றுவது
விடிய விடியக் கேட்கும் அறை.
ஆகஸ்ட் மாத டியூட்டி அட்டவணை போடுகிறேன்.
பன்னிரண்டு பெயர்கள், முப்பத்தோரு இரவுகள்.
ஒருத்திக்கு அக்கா கல்யாணம்,
ஒருவனுக்கு முதுகுவலி,
ஒருவன் காரணமே எழுதவில்லை.
அவனுக்குத்தான் முதலில் விடுப்புக் கொடுத்தேன்,
ஏனென்று எனக்குச் சொல்லத் தெரியாது.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் என்று
கதவில் பலகை ஏறிய அன்று
தியேட்டர் சிஸ்டர் ரோஸ்லின் கேட்டார்:
"இனி ஆறரை சைஸ் க்ளவுஸ் கம்மியா வாங்குனாப் போதுமுங்களா?"
சிரித்துவிட்டு வந்தேன்.
ஜனவரியில் பிரித்த பெட்டி
இன்னும் பாதி இருக்கிறது.

போன மாதம் நான் அறுத்தது
இரண்டு குடல்வால், ஒரு பித்தப்பை.
கையெழுத்திட்டது நானூறுக்கு மேல்:
லாக் புக், தீசிஸ் தலைப்பு, வருகைப் பதிவு,
விடுதித் தண்ணீர் மோட்டார் எரிந்ததற்கு ஒரு விளக்கக் கடிதம்,
ஆய்வுக்கு வந்தவர்களுக்கு
அறை, கார், இளநீர்.

கூடப் படித்த சண்முகவடிவு
கோயமுத்தூரில் எடைக்குறைப்பு அறுவை செய்கிறாள்.
அவளுடைய நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில்
சுவர் நீளத்துக்கு மீன்தொட்டி.
"வந்துரு புள்ள. இன்னும் எத்தனை வருசத்துக்கு
ஊரான் பிள்ளைங்க சோறு தின்னாச்சான்னு
கேட்டுட்டே கெடப்ப?"
வருசத்துக்கு ஒருதரம் கேட்கிறாள்.
வருசத்துக்கு ஒருதரம் "யோசிக்கிறேன்" என்கிறேன்.
முதல் இரண்டு வருசம்
அது பொய்யில்லை.

ஜூனில் பிரணவேல் சீட்டை விட்டுப் போனான்.
நன்றாகத் தையல் போடுவான். முடிச்சு இறுக்காது, நழுவாது.
தூங்கவில்லை என்று இரண்டுமுறை சொன்னான்;
இரண்டுமுறையும் நான்
அட்டவணையைத்தான் பார்த்தேன்.
கட்டவேண்டிய அபராதத்துக்கு
காங்கேயத்தில் தென்னந்தோப்பு ஒரு ஏக்கர் போயிற்று.
ரசீது வாங்க வந்த அவன் அப்பா
உட்காரச் சொல்லியும் நின்றபடியே கேட்டார்:
"தப்பு நம்ம பையனுதுங்களா, உங்களுதுங்களா?"
அந்த 'ங்க' இல்லாமல் கேட்டிருந்தால்
கோபப்பட்டிருப்பேன்.
கோபம் சுலபம்.

அவன் போன இடத்தில் சனிக்கிழமைகள் காலி.
யாரைப் போட்டாலும்
வெள்ளிக்கிழமை விழித்தவர்.
கர்சர் மினுக் மினுக்கென்று காத்திருந்தது.
'இரண்டாம் உதவி' என்ற கட்டத்தில்
என் பெயரை அடித்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.

விஜயமங்கலத்துப் பக்கம் மொபெட்டும் வேனும் மோதி
ராத்திரி ஒன்றரைக்கு வந்தான் ஒரு சைசிங் மில் தொழிலாளி.
வயிறு முழுக்க ரத்தம். மண்ணீரல்.
ரோஸ்லின் ஒன்றும் பேசாமல்
ஆறரை உறையைப் பிரித்தார்.
நஸ்ரின் கத்தி எடுத்தாள், மூன்றாம் வருடம்;
சீனியர் ரெசிடென்ட் எதிரில் நின்றார்.
ரிட்ராக்டர் என் கையில்.

"மேல. இன்னும் மேல. இழுத்துப் புடி..."
சொல்லிவிட்டு அவள் விறைத்துப் போனாள்.
மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்.
"புடிச்சிருக்கேன், நீ பாரு" என்றேன்.
பார்த்தாள்.
விரல்கள் இருட்டுக்குள் இறங்கிக்
காம்பைத் தேடிப் பிடித்தன, கிளாம்ப் விழுந்தது,
கிண்ணத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது
நின்றது.
அதற்குப் பிறகு தோல் தைக்கும்வரை
அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.
நான் யாரென்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

திங்கள்வரை மணிக்கட்டு வலித்தது.
செவ்வாயன்று கணக்குப் பிரிவிலிருந்து குறிப்பு:
இரவு டீ கூப்பன்
பயிற்சி மருத்துவர்களுக்கு மட்டும்,
பேராசிரியர் பயன்படுத்திய இரண்டுக்கு
இருபது ரூபாய் கட்டவும்.
கட்டினேன். ரசீதை வைத்திருக்கிறேன்.

செப்டம்பருக்குப் புது ஆள் வந்துவிட்டான்,
அரூர்ப் பக்கம், பெயர் தீர்த்தகிரி.
மூன்று சனிக்கிழமை அவனுக்கு எழுதினேன்.
நான்காவதில்
என் பெயரை அழிக்கவில்லை.
சண்முகவடிவு கேட்டால்
போன மாத அட்டவணையை நகலெடுத்தபோது
வந்த பிழை என்பேன்.