தும்புத்தடி

முதலில் அறிந்தது ஜெசீமாவின் தையல் மெஷின்.
அதன் கறுப்புத் தலையில் ஒரு சொட்டு.
பிறகு யாரோ மாப்பிள்ளையின்
வெளிர்நீலச் சட்டைத் துணியில் இன்னொன்று.
படியேறி வந்து வாசலில் நின்றா:
"உங்கட மீன் என்ட தலைக்கு மேல மூத்திரம் பெய்யுது."

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
மாற்றலாகி வவுனியா போன டொக்டர்
லொறியில் இடமில்லை என்று
என்னிடம் விட்டது.
கூடவே ஒரு ஒஸ்கார்,
கருமையில் செம்மஞ்சள் தீற்றல்,
எப்போதும் ஒற்றைக் கண்ணால்தான் ஆளைப் பார்க்கும்.

இடப்பக்கப் பின்மூலை.
விரல் வைத்தேன்.
மென்று துப்பிய சூயிங்கம் போல
சிலிக்கோன் உரிந்து வந்தது,
உள்ளே பச்சையாய் ஒரு பாசி நூல்.
ஒன்பது வருடமாய் அந்த இடத்தைத்
தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது,
கோபம் எதுவும் இல்லாமல்.

மத்திய வீதிக் கடைப் பையன் கேட்டான்:
"பாத்ரூமுக்கா அக்கா? இது நல்லம்,
பூஞ்சணமே வராது."
பூஞ்சணம் வராததில் மீனும் தங்காது என்றேன்.
அலமாரியின் அடியைக் கிண்டி
தூசி படிந்த ஒரு குழாயை எடுத்தான்,
விலை சொல்லும்போது வேறெங்கோ பார்த்தான்.

ஒஸ்கார் நீல வாளிக்குள்.
மேலே பிரிட்ஜின் கம்பித் தட்டு,
அதற்கு மேல் பாரத்துக்கு
இரண்டு பைக்கற் பருப்பு.
துள்ளுகிற சாதி.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பிறர் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில்
மெல்லியதாய் இழுக்கிறவள் நான்.
கண்ணாடியை எவ்வளவு அழுத்தலாம் என்று
கைக்குத் தெரியும்.
பிளேட்டைச் சரித்துப் பிடித்துச் சுரண்டினேன்,
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்,
வெளிச்சத்தில் பார்த்தேன்,
திரும்பச் சுரண்டினேன்.
பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது.
நகக்கண் அளவு மிச்சம் இருந்தாலும்
தண்ணீர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்.
என் தங்கை என்றால் இதை
வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்திருப்பாள்.
எனக்கு முதுகு வலித்தது.

முடிந்ததா என்று பார்க்க வந்த ஜெசீமா
முடியவில்லை என்று கண்டதும்
டேப்பை வாங்கிக்கொண்டா.
வெளியே கச்சான் காற்று, மணலை அள்ளி அடித்தது.
ஜன்னல்களைச் சாத்தினோம்.
குழாயை அமுக்கினேன்,
வீடு முழுக்க வினாகிரி மணம்.
ஐந்து நிமிடத்தில் ஆடை கட்டிவிடும்,
என் கை பாதியிலேயே நடுங்கியது.
"தள்ளுங்க."
சவர்க்காரத் தண்ணியில் விரலை நனைத்து
மேலிருந்து கீழ் ஒரே இழுவை.
கொலர் மடிப்பை நீவுகிற விரல்.
பிறகு விரலை முகர்ந்து பார்த்து
முகத்தைச் சுளித்தா.

மூன்று நாள் காய வேண்டும்.
வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து
உள்துறைமுகத்தைப் பார்த்தேன்.
எந்தப் பசையும் இல்லாமல்
அவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டிருக்கிறது,
கப்பல்களோடு.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

நாலாம் நாள் நிரப்பினேன்,
காற்பங்கு, பாதி, முழுசு.
அடியில் சுற்றிவரப் பழைய பேப்பர்.
ஜெசீமா சொன்னா:
"சொட்டு விழுந்தா
தும்புத்தடியால சீலிங்கில தட்டுறன்."

தட்டும் சத்தத்துக்கு மூச்சடக்கிக் கிடந்த
இரவுகள் இந்த ஊரில் எங்களுக்கு உண்டு,
அவவுக்கும் எனக்கும், தனித்தனியாக.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
அன்றும் நித்திரை வரவில்லை.
டோர்ச் அடித்து அடித்துப் பேப்பரைப் பார்த்தேன்,
ஒரு தேங்காயெண்ணெய் விளம்பரம்
மனப்பாடம் ஆகிவிட்டது.
வாளிக்குள் ஒஸ்கார்
கம்பித் தட்டை ஒருமுறை முட்டியது.

இரண்டரைக்குத் தட்டல் கேட்டது.
டக், டக்.
விழுந்தடித்துக் குனிந்தேன்.
மூலை காய்ந்து கிடந்தது.
பேப்பர் மொறுமொறுத்தது.
பால்கனிக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தேன்.
"எங்க? எங்க ஒழுகுது?"

இருட்டில் தும்புத்தடியோடு நின்றா,
முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது.
"ஒழுகல்ல," என்றா.
"ஒழுகல்ல எண்டு சொல்லத்தான் தட்டினன்."