பதினேழாம் குப்பி

முதலில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு நிமிடம்.
பிறகு துப்பச் சொன்னேன்.
சம்பங்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
எச்சில் என்பது
கேட்டு வாங்குகிற பொருளாக
பேரணாம்பட்டில் இதுவரை இருந்ததில்லை.

ஐந்து புள்ளி ஆறு.
எழுதிக்கொண்டேன்.

அடுத்தது என் கஷாயம்.
வேலூர் மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கி
விடுதி மாடியில் காயவைத்து
நானே இடித்த கடுக்காய்,
நாலு கிராம்பு.

ஊற்றியதும்
அவர் கன்னம் இரண்டும் உள்ளே போயின.
கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார்:
"இது எங்க தொட்டியில போடறதாச்சே, டாக்டரம்மா.
எருமைத்தோலே இறுகிப்பூடும்.
நாக்கு எந்த மூலைக்கு?"

என் ஆய்வேட்டில்
'துவர்ப்பு, மிதமானது' என்று இருந்தது.
மிதமானது என்பதை அடித்தேன்.

பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
எட்டாவது நிமிடத்தில் மீட்டரின் பேட்டரி தீர்ந்தது.
பையைத் துழாவி
மஞ்சள் காகிதச் சுருளை எடுத்தேன்.
நனைத்து, வண்ண அட்டையோடு
ஜன்னல் பக்கம் ஓடுவதற்குள்
உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:
"ஏழுக்குக் கொஞ்சம் கம்மி.
டிரம்முல இந்தப் பச்சை வந்தா
சூப்பர்வைசர் கத்துவாரு,
ஆசிட் பத்தலைன்னு."

அட்டையும் அதையே சொன்னது.

குப்பியை மூடி எண் ஒட்டும்போது கேட்டார்:
"இத்தப் போயி பத்திரமா வைப்பீங்களா?"

மாலை வேலூர் பஸ்.
மடியில் ஐஸ்பெட்டி,
அதற்குள் இருபத்திரண்டு பேர் வாய்.
பக்கத்து சீட்டுப் பெண் முழங்கையால் இடித்து,
"மீனா?" என்றாள்.
மருந்து என்றேன்.
எனக்கும்
கூச்சமாகத்தான் இருந்தது.