கொதிகலன் அறையின் பின்சுவர்

டிமாருவில் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர்காலம்.
தெற்கிலிருந்துதான் வரும் காற்று;
தென்றல் என்று அதற்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.
துறைமுகத்து மீன் வாடையையும்
இறைச்சி ஆலையின் ஆட்டுக்கொழுப்பு வாடையையும்
ஒரே மூச்சில் அள்ளிவந்து
எங்கள் தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில் கொட்டியது.

பதினான்கு பேர். பதினான்கு அட்டைப்பெட்டிகள்,
ஃப்ரிட்ஜ் கடையில் ஃபெர்கஸ் கேட்டு வாங்கியவை.
ஓர் இரவு வீடில்லாமல் இருக்க வேண்டும்.
சாப்பாடு இல்லை. போன் இல்லை.
மணிக்கொரு பார்லி மிட்டாய் உண்டு.
ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு டாலர் தருவதாக
அத்தைகளிடம், பல் மருத்துவரிடம், பக்கத்து வீட்டு நாய்க்காரரிடம்
கையெழுத்து வாங்கியிருந்தோம்.
என் தாளில் முப்பத்தொன்று.
பிரைடியின் தாளில் ஒன்று,
அதுவும் ஃபெர்கஸ் போட்டது.

ஈஸ்டருக்குப் பிறகுதான் அவள் எங்களோடு சேர்ந்தாள்.
அதிகம் பேச மாட்டாள். நாற்காலிகளை மட்டும்
யாரும் சொல்லாமலே அடுக்கி வைப்பாள்.

விளக்குக் கம்பத்தைச் சுற்றி நாங்கள் பெட்டிகளை வைத்தோம்,
வட்டமாக, முகாம் போல.
சியோனே தன் பெட்டிக்கு ஜன்னல் வெட்டி
'கடற்காட்சி உண்டு, வாடகைக்கு' என்று எழுதினான்.
சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது,
பசி என்று முதலில் அதைத்தான் நினைத்தேன்.

பிரைடி வட்டத்துக்கு வரவில்லை.
கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தாள்,
சுவரை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டு.
கொதிகலன் அறைக்குப் பின்னால்
ஒரு காற்றுத் துவாரம். அங்கே நின்றாள்.
பெட்டியைப் பிரித்து இரண்டாக மடித்துத் தரையில் போட்டாள்.
செய்தித்தாளைச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகினாள்.
ஷூவைக் கழற்றினாள், வெளியே வைக்கவில்லை,
தலைக்கடியில் வைத்தாள்.

"நீ ரொம்ப கெட்டிக்காரி," என்றேன்.
அப்படித்தான் சொன்னேன்.

இரண்டு மணிக்கு மேல் இருக்கும்.
பக்கத்து சூப்பர் மார்க்கெட்டின் காவலாளி, புது ஆள்,
டார்ச்சை எங்கள் மேல் அடித்தான்.
"யாரது அங்கே?"
"சர்ச் பிள்ளைங்க!" என்று கத்தினான் ஹாமிஷ்,
கதவு திறக்கும் மந்திரம் போல.
திறந்தது. மன்னிப்புக் கேட்டான், கூடவே சிரித்தான்,
நல்ல காரியம் செய்கிறீர்கள் என்றும் சொன்னான்.

வெளிச்சம் அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பியது.
பிரைடி எழுந்து நின்றிருந்தாள்.
தோளில் பை. காலில் ஷூ. எப்போது போட்டாள்?
அட்டை மடித்து அக்குளில் இருந்தது.
"இதோ கிளம்பிட்டேன் சார்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.
அவளுக்கு விழிப்பு வந்திருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

காலையில் பான்கேக் வாசனை. அப்பா அம்மாக்களின் கார்கள்,
உள்ளே ஹீட்டர் ஓடியபடி.
ஃபெர்கஸ் தாள் கொடுத்தார்:
இந்த இரவில் நீ கற்றுக்கொண்டது என்ன?
நன்றியுணர்வு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
தாள்களைச் சேகரிக்கும் வேலையும் எனக்கே,
அதனால் அவளுடையதைப் படித்தேன்.

'அந்தத் துவாரத்தில் சூடு நாலரைக்கு நின்றுவிடுகிறது.
ஐந்துக்கு மேல்தான் குளிர் அதிகம்.'

அவ்வளவுதான். புகார்கூட இல்லை.

நாலரை என்று வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.
சபையின் பராமரிப்புக் குழுவில் என் அப்பா;
எரிவாயு மிச்சம் பிடித்ததற்குக் கைதட்டல்கூட வாங்கியவர்.

புதன்கிழமை பாடகர் குழு ஒத்திகையின்போது
கொதிகலன் அறைக்குள் போனேன்.
சின்னச் சக்கரம், பற்கள் தேய்ந்தது.
ஏழுக்குத் திருப்பி வைத்தேன்.
பின்சுவரைப் போய்ப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

அக்டோபர் கூட்டத்தில் அப்பா பில்லை உயர்த்திக் காட்டினார்.
"நாற்பத்தொரு டாலர் கூடுதல். யாரோ கை வைத்திருக்கிறார்கள்."
நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பிரைடி
ஒரு கணம் நின்றாள், பிறகு அடுக்கினாள்.
என் வாயில் ஒரு பார்லி மிட்டாய்.
கடிக்காமல் வைத்திருந்தேன்.