ஜூலையில் தெரியும் நிறம்

நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது:
நுழைவாயில் பாத்திக்கு என்ன செடி.
முதலிரண்டும் நீச்சல்குளத்துப் பூட்டும்
யாரோ ஒருவரின் நாயும்.
அவற்றை முடிக்கவே எட்டு மணியாகிவிட்டது.

வெளியே இன்னும் நாற்பது பாகை.
அரிசோனாவில் இரவு
வெயிலை அணைப்பதில்லை.
தணலைச் சாம்பலால் மூடி வைக்கிறது, அவ்வளவுதான்.

செயலாளர் நான். குறிப்பெடுப்பது என் வேலை.
எழுதினேன்:
சென்ற ஆண்டு பெட்டூனியா, நானூறு டாலர்.
ஏப்ரலில் நட்டது. ஜூன் பத்தாம் தேதி
வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைச் சக்கையாய்க் கிடந்தது.

லோர்னா பெக்ஸ்ட்ரம் படங்களைப் பரப்பினார்.
மினசோட்டாவிலிருந்து வந்தவர்.
வெளிர் ரோஜா, பால்வெள்ளை, இளநீலம்.
"கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார்.

கதவோரம், மடியில் தொப்பியோடு,
சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும்
ரமீரோ கிஹாடா சொன்னார்:
"நம் உச்சிவெயிலில்
வெளிர் ரோஜா வெள்ளையாகிவிடும்.
வெள்ளை, சுவராகிவிடும்.
நீலம் நட்டோமா என்றே கேட்பீர்கள்."

இங்கே எல்லாச் சுவரும் ஒரே நிறம்.
விதிப்புத்தகம், நாலாம் பிரிவு:
மணல், அல்லது ஈரமணல்.
இரண்டுக்கும் வித்தியாசம் கண்டவரை
நான் இன்னும் சந்திக்கவில்லை.

அரளி, என்றது ஒரு குரல்.
நஞ்சு, என்றார் நாய்க்காரர்.
குரோட்டன்ஸ்?
அதற்கு நிழலும் காற்றில் ஈரமும் வேண்டும்.
இந்த ஊரில் இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.
காகிதப்பூ?
ஒரு புழுதிக்காற்று போதும், அத்தனையும் குளத்தில்.
நித்தியகல்யாணிக்கு
ஏறக்குறையக் கைகள் உயர்ந்துவிட்டன.
ரமீரோ தரையைப் பார்த்தபடி சொன்னார்:
"வெயில் அதைக் கொல்லாது. நாம்தான் கொல்வோம்.
வாடுதே, வாடுதே என்று ஊற்றி ஊற்றி
வேரை அழுகவிடுவோம்."

அப்போது எழுந்தார் வெர்லீன் ஸ்டாடர்ட்.
போன ஜூலைக்குப் பிறகு
கூட்டத்துக்கு வராதவர்.
கைப்பையிலிருந்து அவர் எடுத்தது கார் வண்ண அட்டை.
டுவேன் நாற்பது வருடம்
பட்டறையில் சாயம் அடித்தவர்.
ஓரமெல்லாம் விரல் கறை.
ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்:
ஆரஞ்சு என்றால் சிவப்பு கோபிக்கும்,
சிவப்பு என்றால் ஆரஞ்சு.

"ஆம்புலன்ஸ் நம் திருப்பத்தைத் தாண்டிப் போனது.
திரும்பி வந்தது.
மறுபடி தாண்டிப் போனது.
நான் முனையில் நின்று துண்டை ஆட்டினேன்.
துண்டும் மணல் நிறம்."

உட்கார்ந்துவிட்டு, நினைவு வந்தவராய்ச் சொன்னார்:
"ஓட்டுகிறவருக்குத் தெரியணும். பகலில்."

குளிர்சாதனம் ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.
லோர்னா தன் படங்களை
துவைத்த துணி மடிப்பதுபோல
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

ரமீரோ அந்த அட்டையை வாங்கி
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.
"தபச்சீன்" என்றார், தன் மொழியில்.
விலைப்பட்டியலில் அதற்கு ஒரு பறவையின் பெயர்.
மயிற்கொன்றை.

"குளிர்காலத்தில் வெறும் குச்சி.
பார்க்கச் சகிக்காது."
"எனக்கு ஜூலையில்தான் வேண்டும்" என்றார் வெர்லீன்.
நாய்க்காரர் வாயைத் திறந்தார்.
"விதை நஞ்சுதான். காய் முற்றுமுன்
நானே வெட்டிவிடுகிறேன்."

ஆறுக்கு ஒன்று. நடவு, அக்டோபரில்.
எதிர்த்தவர் பொருளாளர்;
அவர் எதையும் எதிர்ப்பார்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'நிறம்' என்று எழுதினேன்.
அடித்தேன். 'முகவரி' என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
கட்டம் நிரம்பிவிட்டது.

மறுநாள் நண்பகல்,
பின்சீட்டில் பால் சூடேறிக்கொண்டிருக்க,
பதினோரு வருடமாய் இங்கே குடியிருக்கும் நான்
எங்கள் திருப்பத்தைத் தாண்டிப் போனேன்.

அரை மைல் போய்த் திரும்பி வருகையில்
பாத்தியில் மூன்று குச்சிகள்.
குழிக்கு அடையாளமாய்
ரமீரோ கட்டியிருந்த ஆரஞ்சு நாடா,
காற்றில்லாத வெயிலில் தொங்கியபடி.
வேகத்தைக் குறைத்தேன்.