அரைப் புள்ளி

"பைசாதானே பிள்ளே பிரச்சனை?
வாயத் தொறந்து சொல்லண்டாமா?"
ராஜினாமாக் கடிதத்தை மடித்து
பேனா ஸ்டாண்டுக்கு அடியில் சொருகினார் முதலாளி.

ஒன்பது வருடத்தில் நான்கு முறை சொன்னேன்.
நாலாவது முறை இதே நாற்காலியில்.
வெளியே லாரியில் பேரல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
கேட்காமல் போயிருக்கலாம்.

பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்:
கூட ஏழாயிரம்.
பிரமீளாவுக்குத் தெரியண்டாம்,
திங்கட்கிழமை சொன்னால் போதும்.

குலசேகரம் சந்தியில் மழை.
பஸ் வரும்வரை கணக்குப் போட்டேன்.
நாகர்கோவில் ஆஸ்பத்திரி லேபில் தருவது
இதைவிட இரண்டாயிரத்து முந்நூறு குறைவு.
போக ஒன்றேகால் மணிக்கூர், வர ஒன்றேகால்.
அஜினுக்கு வேன் காசு.
சீட்டு இன்னும் எட்டு மாதம் பாக்கி.
ஷிபு போனில் சிரித்தான்:
"வேண்டாம்னு சொல்ல நீ என்ன கலெக்டருக்க மகளா?"

வெட்டி விற்க முடிவான ரப்பருக்குத்தான்
பட்டையில் மருந்து தடவுவார்கள்.
பால் அப்படிக் கொட்டும்,
ஒரு வருடம்.
ஆனால் நான் மரமில்லை. சும்மா ஒரு நினைப்பு.
நேற்றுவரை இந்த ஏழாயிரம்
எங்கே இருந்தது என்பதுதான்
உறக்கத்தைக் கெடுத்தது.

திங்கள் காலை.
சனிக்கிழமைச் சாம்பிள்கள் ஓவனில் காய்ந்து கிடந்தன,
ஒவ்வொன்றும் அப்பளம்போல், பொன்னிறமாய்.
பொன்மனை தாசையனின் பால்:
தராசு சொன்னது முப்பத்தாறரை.
முப்பத்தாறு என்று எழுதணும்.
எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை;
சேர்ந்த வாரம் வாயால் சொன்னது.
ஆளுக்கு அரைப் புள்ளி,
தினம் நாற்பது ஆள்.
முதன்முறையாகக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
இருந்த இடம் தெரிந்தது,
ஏழாயிரத்துக்கும் அதற்கு மேலுக்கும்.

முப்பத்தாறரை என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
தாசையன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.
"அண்ணைக்குப் பால் நல்லா இருந்திருக்கு, என்னா?"

"எப்பவும் இப்படித்தான் இருந்தது"
என்று சொல்லிவிட்டுத்தான்
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.
அவர் கேனைத் தூக்காமல் நின்றார்.

கடிதத்தின் நகலில்
கிடைத்தது என்று ஒப்பு வாங்க மாடிக்குப் போனேன்.
எத்தனை சோப்பு போட்டாலும்
கையை விட்டுப் போகாத ஆசிட் மணம்.
படியேறும்போதும்
அந்த ஏழாயிரம்
வேண்டும்போலத்தான் இருந்தது.