பழைய தொண்டை

சாரத்துக்குள் சுற்றி
கொழும்பு பஸ்ஸில் கொண்டுவந்தார் நௌபர்தீன்.
அம்பாறைச் சோதனையில் அவிழ்க்கச் சொன்னார்களாம்.
மீசை முளைக்காத சிப்பாய்
டிரைவைத் தூக்கிப் பார்த்து, என்ன இது என்றிருக்கிறான்.
"பாட்டுப் பெட்டிச் சாமான், மாத்தயா."
"அப்படியென்றால் பாடு."
பெட்டியா, நானா என்று கேட்காமல்
இவர் பாடியிருக்கிறார்.

அக்கரைப்பற்று. அச்சகத்தின் பின்னறை.
என் முன்னால் மூடி கழன்ற எக்ஸ்டி, வயது ஒன்பது.
உள்ளே அடுத்த மில்லின் உமித்தூசி,
ஒரு கரப்பான் முட்டை.
கலியாணக் கார்ட்டுக்காரர் எல்லோரும்
கம்ப்யூட்டர் எழுத்துக் கேட்டுக்
கல்முனைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

டிரைவ் மூன்றரை அங்குலம்.
வாசல் ஐந்தே கால்.
பால்மா ரின்னை வெட்டி இரண்டு பக்கமும் தகடு வைத்தேன்.
கரண்ட் முனையும் பொருந்தவில்லை:
வயரை அறுத்து, முறுக்கி, ஒட்டினேன்,
சிவப்பும் மஞ்சளும் மாறாமல்.
மாறினால் புகைதான்.

ஆளியைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது.
எரிந்துகொண்டே இருந்தது,
தட்டு போடாமலே.
"வேலை செய்யுது புள்ள!" இஸ்ஸதீன் நானா கை தட்டினார்.
இல்லை நானா,
கேபிளைத் தலைகீழாகச் செருகினால்தான் இப்படி.
மறுகா கிறுக்கிச் செருகினேன்.
விளக்கு அணைந்தது.
அவர் முகமும்.

வெள்ளவத்தையில் யாரோ வரைந்த
தமிழ் எழுத்தெல்லாம் ஒரே தட்டில்.
போட்டேன்.
நிறுத்தவா, திரும்பவா, தோற்கவா என்று கேட்டது.
திரும்ப.
திரும்ப.
மோட்டார் சுற்றியது, தலை முன்னும் பின்னும் ஓடியது,
ஒரு அகரம்கூட விழவில்லை.
முப்பதாவது தடவை
ஊருக்கே கரண்ட் போனது,
எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருட்டில்தான் விளங்கியது.
வாய் புதிது. தொண்டை பழையது.
விநாடிக்கு ஐந்து இலட்சம் தருவேன் என்கிறது டிரைவ்,
இரண்டரைதான் இறங்கும் என்கிறது
உள்ளே இருக்கிற கார்ட்.
ஊட்டுகிறவளுக்கு அவசரம் என்பதற்காக
யாரும் வேகமாக விழுங்குவதில்லை.

தட்டின் மூலையில் ஒரு சதுர ஓட்டை.
நான் அடர்த்தியானவன், நிறையக் கொள்வேன்,
என்று அது டிரைவிடம் சொல்லும்.
அதன் வாயில் செலோடேப் ஒட்டினேன்.
டிரைவ் நம்பியது.
பாதி அளவுக்குக் கோடு போட்டது,
எழுதியது, எழுதியதை வாசித்தது,
மெதுவாக, சண்டை இல்லாமல்.

வாய் ஒட்டிய வெறுந்தட்டு இரண்டு
அடுத்த பஸ்ஸில் கொழும்பு போயின,
"இதற்குள் அடக்கித் தாருங்கள்" என்ற துண்டோடு.
ஒன்பதாம் நாள் திரும்பின.
ஒன்றில் எழுதியிருந்தது: உயிர்.
மற்றதில்: மெய்.
கீழே பொடி எழுத்தில்,
"உயிர்மெய்யை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்."
அந்த மனிதரை நான் கண்டதில்லை.
இம்முறை தன்னை
யாரும் பாடச் சொல்லவில்லை என்று
நௌபர்தீனுக்குக் குறை.

முதல் வேலை கலியாணக் கார்ட் அல்ல.
அட்டாளைச்சேனை ஆதம்லெவ்வை வந்தார்,
எருமை காணவில்லை, நோட்டீஸ் இருநூறு.
நெற்றியில் வெள்ளை. இடது கொம்பு நுனி முறிந்தது.
பிடித்துத் தருவோருக்கு ஐந்நூறு.

பிரிண்டர் கத்திக் கத்தித் துப்பிய முதல் தாளை
வெளிச்சத்தில் பிடித்து
ஒவ்வொரு எழுத்தாய் விரல் ஓட்டினார்.
காணவில்லை என்ற இடத்தில் விரல் நின்றது.
"லை பிழை."
புது எழுத்து காக்கா, இப்ப அப்படித்தான்.
"எங்கட லைக்கு மேலால வளைஞ்சு ஒரு கொம்பு இருக்குமே.
எருமையோட சேத்து அதையும் கொண்டு போய்ட்டானுகளா?"

இஸ்ஸதீன் நானா என்னைப் பார்த்தார்.
நான் தட்டைப் பார்த்தேன்.
உயிரிலும் இல்லை, மெய்யிலும் இல்லை.

கறுப்புப் பேனாவால்
இருநூறு தாளிலும் கொம்பு வைத்து முடிய
அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டது.
எருமை கிடைத்ததா என்று
பிறகு நான் கேட்கவில்லை.